ஒரு வாரமா, மூன்று மாதமா, நிரந்தரமா: லோக்கம் வேலைக்குப் போகும் முன்

கல்லூரியில் எனக்கு ஐந்து வருடம் ஜூனியர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "அண்ணா, இந்த வேலையை விட்டுட்டு லோக்கம் போயிடலாமான்னு பார்க்கிறேன். போகலாமா, வேண்டாமா?" லோக்கம் என்றால், விடுப்பில் போன மருத்துவரின் இடத்திலோ ஆள் இல்லாத இடத்திலோ கொஞ்ச காலத்துக்குப் போய் வேலை பார்ப்பது.

"எத்தனை நாளைக்கும்மா?" என்றேன்.

"ஒரு ரெண்டு வருஷம் பார்க்கலாம்னு."

நான் கேட்டது அதை இல்லை. ஒரு மருத்துவமனையில் எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்று கேட்டேன். நிரந்தரமா, லோக்கமா என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓரிடத்தில் மூன்று மாதம் இருக்கும் லோக்கத்துக்கும் நிரந்தர மருத்துவருக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட, வாரத்துக்கு ஓர் ஊர் என்று போகும் லோக்கத்துக்கும் மூன்று மாத லோக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது. கிட்டத்தட்ட வேறு வேறு தொழில் என்றே சொல்லலாம்.

முதலில் பெயர் விஷயம். தமிழில் "மாற்று மருத்துவர்" என்று எழுதினால் ஹோமியோபதி, அக்குபங்சர் பக்கம் போய்விடும். "தற்காலிக மருத்துவர்" என்றால் ஒப்பந்த நியமனம் போலத் தொனிக்கும். அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்கிறபடி லோக்கம் என்றே எழுதுகிறேன். லத்தீனில் "லோக்கம் டெனன்ஸ்" என்றால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர். துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது என்போமே, அதுதான். என்ன, இங்கே அந்தத் துண்டே எழுந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

ஒருவர் பிரசவ விடுப்பில் போயிருப்பார், இன்னொருவர் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருப்பார், சில ஊர்களில் வருடக்கணக்கில் ஆளே கிடைத்திருக்காது. அந்த இடைவெளிக்கு வந்து போகிறவர் நாம். இதில் நான்கு வழிகள் உண்டு. நிரந்தர வேலையிலேயே இருந்துவிடலாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளின் ஷிப்ட் பட்டியலில் பெயர் கொடுத்து வைக்கலாம். மூன்று முதல் ஆறு மாதம் ஓரிடம் என்று போகலாம். அல்லது பையைத் தூக்கிக்கொண்டு வாரம் ஓர் ஊர். கடைசியிலிருந்து தொடங்குகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களை அதிகம் இழுப்பதும் அதுதான், சொல்வதற்கு அதிகம் இருப்பதும் அதில்தான்.

வாரம் ஓர் ஊர்

காலை எட்டு மணி ஷிப்ட். ஏழரைக்கே போய்விட்டீர்கள். அடையாள அட்டை தயாராகவில்லை, எனவே வார்டு கதவு திறக்காது. யாராவது வெளியே வரும் வரை நிற்க வேண்டும். உள்ளே போனால் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ஐடி பிரிவு ஒன்பது மணிக்குத்தான் போனை எடுக்கும். இதற்குள் ஒரு நர்ஸ் வந்து, "டாக்டர், ஏழாம் படுக்கைக்கு சுகர் 3.1" என்கிறார். உங்களுக்குப் பழகிய அளவு வேறாக இருந்தால் அந்த 3.1 என்ற எண் மண்டையில் உறைக்காது. அதையே 18ஆல் பெருக்கி, "சுகர் 56" என்று அவர் சொல்லியிருந்தால் குளுக்கோஸைத் தேடி ஓடியிருப்பீர்கள். ஒரே ரத்தம், ஒரே அளவு. ஒரு நாட்டில் மில்லிமோல், இன்னொரு நாட்டில் மில்லிகிராம். மருந்துப் பெயரும் அப்படித்தான். அட்ரினலின் அமெரிக்காவில் எபிநெப்ரின், பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அல்புட்டெரால். படிக்கும்போது இதெல்லாம் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

நாடு மாறக்கூட வேண்டாம். இதயம் நின்றுவிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்பதே கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். இங்கிலாந்தில் இதற்காகவே 2004இல், எல்லா மருத்துவமனைகளும் 2222 என்ற ஒரே உள் எண்ணுக்கு மாற வேண்டும் என்று சொன்னார்கள். அது பொது எண்ணாகாத இடங்களில் நீங்கள் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எந்த வார்டுக்குப் போனாலும், நோயாளிகளைப் பார்க்கும் முன் அவசர மருந்து வண்டி எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்த்து, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை ஒருமுறை தொட்டுவிட்டு வருவேன். ஸ்கேன் இரவில் உண்டா, ரத்த வங்கி எண் என்ன, மேல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்ற நாலு கேள்வியை சீனியர் நர்ஸிடம் கேட்டுவிடுவேன். சில இடங்களில் "டாக்டருக்கு இதுகூடத் தெரியலையே" என்ற பார்வை வரும். வரட்டும்.

இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு 2008இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷரில் நடந்தது போதும். ஜெர்மனியிலிருந்து வார இறுதிப் பணிக்கு விமானத்தில் வந்த ஒரு மருத்துவர், அந்த நாட்டில் தன் முதல் ஷிப்டிலேயே, வலியில் இருந்த ஒருவருக்கு 100 மி.கி. டயமார்ஃபின் ஊசி போட்டார். போடக்கூடிய அளவைப் போல பத்து மடங்கு. நோயாளி இறந்துபோனார். பெத்திடின் என்ற வேறொரு வலி மருந்தோடு குழப்பிக்கொண்டதாக மருத்துவர் பிறகு சொன்னார். பெத்திடினில் 100 மி.கி. என்பது சாதாரணமாகப் போடுகிற அளவு. எனக்கு இதில் பயம் தருவது அதுதான்: கை தனக்குப் பழகிய எண்ணைத்தான் எழுதியது. ஐரோப்பிய மருத்துவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் அதிகாரம் பிரிட்டனின் மருத்துவ கவுன்சிலுக்கு 2014இல் வந்தது. மொழியைச் சோதித்துவிடலாம். புது இடத்தில் முதல் இரவு எப்படிப்பட்டது என்பதைச் சோதிக்க வழி கிடையாது.

அப்படியானால் லோக்கம் என்றாலே ஆபத்தா? இதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. 2009 முதல் 2014 வரை அமெரிக்காவில் மெடிகேர் என்ற, முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் பொது மருத்துவப் பிரிவுகளில் நடந்த 18 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிச் சேர்க்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். லோக்கம் பார்த்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.83 சதவீதம், மற்றவர்கள் பார்த்தவர்களில் 8.70. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். லோக்கம் பார்த்தவர்கள் கொஞ்சம் கூடுதல் நாள் படுக்கையில் இருந்தார்கள், செலவும் கூடியது; ஆனால் திரும்ப வந்து சேர்வது குறைவாக இருந்தது. (புது ஆள், தைரியமாக டிஸ்சார்ஜ் எழுத மாட்டார். இன்னொரு நாள் இருக்கட்டுமே என்பார். நானும் அப்படித்தான்.) இதுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து வருவதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. லோக்கம் மருத்துவர்களை எப்போதாவது மட்டும் அழைக்கும் மருத்துவமனைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அங்கே லோக்கம் பார்த்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. புது ஆளை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று அந்த இடங்களுக்குப் பழக்கமில்லாதது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு அது ஊகமாகத் தெரியவில்லை, பார்த்திருக்கிறேன். வழக்கமாக லோக்கம் வரும் இடத்தில் முதல் நாள் காலை ஒரு பக்கத் தாள் கையில் கொடுப்பார்கள். பாஸ்வேர்டு முந்தின நாளே வந்துவிடும்.

எனவே லோக்கம் வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் சம்பளத்தைச் சொல்லும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "போன ஆறு மாதத்தில் அந்த வார்டுக்கு எத்தனை பேர் இப்படி வந்தார்கள்?" யாரும் வரவில்லை என்றாலும் யோசிப்பேன், பன்னிரண்டு பேர் என்றாலும் யோசிப்பேன். பன்னிரண்டு பேர் வந்து போன இடத்தில், இருக்கிற ஆட்கள் ஏன் தங்குவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை உங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

விட்டுவிட்டு வருவது

குறுகிய வேலையில் எனக்கு ஒத்துவராமல் போனது பயணமோ தனிமையோ இல்லை. தொடங்கியதை முடிக்காமல் வருவது.

ஒருமுறை ஒரு வாரப் பணி. வியாழக்கிழமை காய்ச்சலோடு வந்த முதியவர் ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினேன். மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது, வெள்ளி மாலை அவர் வீட்டுக்குப் போனார், சனிக்கிழமை காலை நானும் கிளம்பிவிட்டேன். கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. அறிக்கை, கேட்டவர் பெயருக்குத்தானே போகும்? என் பெயருக்குப் போனது. என் கணக்கையோ சனிக்கிழமை இரவே மூடிவிட்டிருந்தார்கள். பூட்டிய பெட்டிக்குள் போய் விழுந்த கடிதம் மாதிரி. ஒன்பது நாள் கழித்து, அந்த வார்டு நர்ஸ் ஒருவர் தற்செயலாக லேப் பட்டியலைப் பார்த்து என் சொந்த போனுக்கு அழைத்தார். முதியவரை மறுபடி கூப்பிட்டுச் சேர்த்தார்கள், நல்லபடியாகத் தேறினார். நர்ஸ் பார்க்காமல் விட்டிருந்தால்? அன்றிலிருந்து கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரத்தை யாருக்கும் தருவதில்லை. வர வேண்டிய அறிக்கைகள் எவை, எந்த நோயாளி, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, "டீம்" என்ற பெயருக்கு அல்ல, ஒரு ஆளின் பெயருக்குக் கொடுத்து, அவர் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் கிளம்புவேன்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. நீங்கள் நினைத்த நோய் சரிதானா என்று கடைசி வரை தெரியாது. நிமோனியா என்று எழுதினீர்கள். நுரையீரலில் கட்டியாக இருந்ததா என்பது மூன்று வாரம் கழித்து வேறொருவருக்குத் தெரியும். இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாம். விடைத்தாள் திரும்பி வராமல் எழுதிய இருபது வருடப் பரீட்சை அது. குறுகிய பணியிலேயே காலம் தள்ளுபவர்களுக்கு நான் சொல்லும் ஒரே எச்சரிக்கை இதுதான்.

அவசர சிகிச்சைப் பிரிவு, மயக்கவியல் மருத்துவர்களுக்கு இந்த வலி குறைவு. அவர்கள் வேலையில் நோயாளி அன்றே கைமாறிவிடுகிறார். நாள்பட்ட நோய்களைப் பார்ப்பவர்கள், மனநல மருத்துவர்கள் ஆகியோருக்கு வாரம் ஓர் ஊர் சரிப்படாது என்பது என் கருத்து. "மறுபடியும் முதலிலிருந்து சொல்லணுமா டாக்டர்?" என்று நோயாளி கேட்பதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மூன்று முதல் ஆறு மாதம்

முதல் இரண்டு வாரம் மேலே சொன்ன எல்லா அவஸ்தையும் உண்டு, ஒருமுறைதான். நான்காவது வாரத்தில் ரேடியாலஜியில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெரியும். ஆறாவது வாரத்தில் நீங்கள் அனுப்பிய நோயாளி மறுபரிசோதனைக்கு உங்களிடமே வருகிறார். நினைத்தது சரியா தவறா என்று தெரிந்துவிடுகிறது. அதே சமயம் துறைத் தலைவருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் என்ன தகராறு என்பதில் நீங்கள் கட்சி சேர வேண்டியதில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றும். நிரந்தர வேலையில் நொந்துபோய் வருபவர்களைக் கேளுங்கள். பலர் நோயாளிகளால் நொந்தவர்கள் இல்லை, மீட்டிங்கால் நொந்தவர்கள்.

காகித வேலையும் இந்தக் கால அளவுக்குத்தான் ஈடுகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. மாநிலம் தாண்டி வேலை செய்வது சுலபம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி. பல மாநிலங்கள் சேர்ந்து விரைவாக உரிமம் தரும் ஒப்பந்தம் ஒன்று 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மருத்துவமனையும் உங்கள் சான்றிதழ்களைத் தானே சரிபார்க்கும். அதற்கு மூன்று மாதம் வரைகூட இழுக்கும். ஒரு வார வேலைக்கு மூன்று மாதம் சான்றிதழ் அனுப்பிக்கொண்டிருப்பது, கல்யாணத்துக்கு மூன்று நாள் பயணம் செய்து பந்தி முடிந்ததும் திரும்புவது போல. பிரிட்டனில் 2012 இறுதியிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கு வருடாந்தர மதிப்பீடு, சக ஊழியர்கள், நோயாளிகள் தரும் கருத்து எல்லாம் வேண்டும். வாரத்துக்கு ஓர் இடம் மாறுபவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாருக்கு அவரைத் தெரியும்? மூன்று மாதம் இருந்தால் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பழகிய பிறகு கிளம்புவது ஒரு வாரத்தில் கிளம்புவதைவிடக் கஷ்டம். அப்புறம், குடும்பத்தை அழைத்துப் போக இது குறைந்த காலம், விட்டுவிட்டுப் போக அதிகக் காலம். பள்ளி வயதில் பிள்ளை இருந்தால் இந்த வழியைப் பற்றி வீட்டில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

பணக் கணக்கு

லோக்கத்துக்கு மணிக்கணக்கில் வரும் தொகையைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது. ஒரு காகிதத்தை எடுங்கள். நிரந்தர வேலையில் 52 வாரத்துக்கும் சம்பளம் வருகிறது. விடுப்பும் படிப்பு விடுப்பும் போக 44 வாரம் வேலை செய்கிறீர்கள் என்று வையுங்கள். லோக்கமாகப் போனால் அதே 44 வாரம் கிடைக்காது. இரண்டு வேலைகளுக்கு நடுவே காத்திருப்பது, கடைசி நேரத்தில் ரத்தாவது எல்லாம் கழித்தால் 40 வாரம் என்பது நியாயமான கணிப்பு. 52ஐ 40ஆல் வகுத்தால் 1.3. அதாவது வாரச் சம்பளத்தைப் போல 1.3 மடங்கு வந்தால்தான் நீங்கள் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள். ஓய்வூதியத்துக்கு நிர்வாகம் கட்டும் பங்கு, நோயில் படுத்தால் வரும் சம்பளம், போக்குவரத்து இதில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் ஒன்றரை மடங்குக்குக் கீழே லாபம் என்று சொல்ல நான் தயங்குவேன்.

வரியில் ஒரு சங்கதி. பிரிட்டனில் சொந்த கம்பெனி வழியாகச் சம்பளம் வாங்கிய லோக்கம் மருத்துவர்கள் பலரை, 2017 ஏப்ரலில் அரசுத் துறைக்கு வந்த விதி ஊழியர்களைப் போல வரி கட்ட வைத்தது. அமெரிக்காவிலோ லோக்கம் மருத்துவரை ஊழியராக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரராக வைப்பதுதான் வழக்கம். வரியைத் தானே காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். முதல் வருடம் அந்தப் பணத்தையும் செலவு செய்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

இதைவிட முக்கியம் காப்பீடு. சிகிச்சைத் தவறு வழக்குக் காப்பீட்டில் இரண்டு வகை. சம்பவம் நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதும், வழக்கு எப்போது வந்தாலும் பொறுப்பு என்பது ஒரு வகை. வழக்கு வரும் நாளிலும் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வகையில், நீங்கள் வேலையை விட்டபின் வரும் வழக்குக்கு "டெயில்" என்ற தனிக் காப்பீடு வேண்டும். அதை யார் கட்டுவது? ஏஜென்சியா, மருத்துவமனையா, நீங்களா? வழக்குகள் வருடம் கழித்து வருபவை, அப்போது நீங்கள் பத்து ஊர் தாண்டியிருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்ற இரண்டு வழிகள்

பக்கத்து மருத்துவமனைகளின் ஷிப்ட் பட்டியலில் பெயர் கொடுப்பது பற்றிப் பேச அதிகம் இல்லை, அது நன்றாகவே நடக்கிறது என்பதால். பெட்டி கட்ட வேண்டாம், பாஸ்வேர்டு நிரந்தரமாக இருக்கும், வார்டில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். தொகை ஏஜென்சி தருவதைவிடக் குறைவாக இருக்கலாம். வேலை குறையும் மாதங்களில் அழைப்பே வராது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், மேற்படிப்புத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

நிரந்தர வேலை பிடிக்கவில்லை என்று வருபவர்களிடம் ஒன்று கேட்பேன்: வேலை பிடிக்கவில்லையா, இந்த வேலை பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் லோக்கம் நல்ல சோதனை. நான்கு இடத்தைப் பார்த்துவிட்டு எங்கே நிலைப்பது என்று முடிவெடுக்கலாம். ஒரு கிளினிக்கைத் தொடங்கி வளர்ப்பது, ஜூனியர்களை உருவாக்குவது, ஒரு குடும்பத்தை இரண்டு தலைமுறையாகப் பார்ப்பது இதெல்லாம் வேண்டுமென்றால், அது ஓரிடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால்: பயிற்சி முடித்த கையோடு லோக்கம் வேண்டாம், இரண்டு வருடமாவது, தப்பு செய்தால் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருக்கும் இடத்தில் இருங்கள். அதன்பின் போவதாக இருந்தால் மூன்று மாதத்துக்குக் குறையாமல், திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போங்கள். வாரம் ஓர் ஊர் என்பதை, சுற்றிப் பார்க்கும் ஆசைக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை வைத்துக்கொள்ளலாம், அதுவும் லோக்கம் பழகிய இடங்களில்.

ஜூனியரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்: போன ஆறு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள், நான் போனபின் வரும் அறிக்கைகளை யார் பார்ப்பார், டெயில் யார் கட்டுவது. முதல் இடத்தில் இரண்டாவது கேள்விக்கே பதில் இல்லையாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் டாக்டர்" என்றார்களாம். அதை விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் நான்கு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார். மூன்று கேள்விக்கும் மின்னஞ்சலிலேயே பதில் வந்ததாகச் சந்தோஷப்பட்டார்.

இந்தத் திங்கள் முதல் நாள். எட்டே காலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணா, மருந்து வண்டி எங்கேன்னு பார்த்துட்டேன். பாஸ்வேர்டு மட்டும் இன்னும் வரலை."